மங்குக் கேரியரும் 650 டாலரும்

காரைக்குடியில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் நான் ஒரு மங்குக் கேரியரை (இரும்பின்மேல் எனாமல் பூசிய அடுக்குச் சாப்பாட்டுப் பாத்திரம்) ஏமாற்றி வாங்கிவிட்டதாக ஒரு தம்பி இணையத்தில் போட்ட பதிவைப் படித்துவிட்டு நான்கு நாட்களாக எனக்கு வந்துகொண்டிருக்கும் செய்திகளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்ல முடியவில்லை என்பதால் ஒரே பதிவாக எழுதிவிடுகிறேன். பதிவு போட்ட தம்பி என் பெயரைச் சொல்லவில்லைதான். ஆனால் கடையின் நீலக் கதவையும் வாசலில் கிடக்கும் கல்லுரலையும் படமெடுத்துப் போட்ட பிறகு பெயர் எதற்கு? காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு ஒருமுறை வந்துபோனவருக்கும் அது யாருடைய கடை என்று தெரியும்.

ஏதோ ஓர் அமெரிக்க இணையதளத்தில் அதேபோன்ற கேரியருக்கு 650 டாலர் என்று போட்டிருக்கிறதாம். நான் 2,800 ரூபாய்க்கு வாங்கினேனாம். ஆகவே அவருடைய அப்பத்தாவை ஏமாற்றிவிட்டேனாம்.

போட்டிருக்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. இருபத்திரண்டு வருடமாக இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது இது ஒன்றைத்தான். என் கடையில் ஒரு மரக்குதிரைக்கு 85,000 ரூபாய் என்று சீட்டு ஒட்டி ஆறு வருடம் ஆகிறது. சீட்டில் இருப்பதுதான் விலை என்றால் நான் ஆறு வருடமாகப் பணக்காரனாக இருந்திருக்க வேண்டும். இணையத்தில் தேடுகிறவர்கள் விற்று முடிந்தவற்றின் விலையைத் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை.

இனி அந்தக் கேரியருக்கு வருவோம். தம்பி போட்ட படத்தில் கேரியர் நேராக நிற்கிறது. மங்குச் சாமானைக் கவிழ்த்துத்தான் பார்க்க வேண்டும். ஐந்து அடுக்கில் நான்கின் அடியில் ஸ்வீடன் முத்திரை இருக்கிறது. மூன்றாவது அடுக்கின் அடியில் ஜப்பான் என்று இருக்கிறது. எப்போதோ ஓர் அடுக்கு தொலைந்து, வேறொரு கேரியரிலிருந்து எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். அது அரை நூல் பெரியது என்பதால் கொக்கி சரியாக விழுவதில்லை. மேல் மூடியின் விளிம்பில் கட்டைவிரல் அகலத்துக்கு மங்கு தெறித்து, இரும்பு தெரிந்து, துருவும் பிடித்திருக்கிறது. அந்த 650 டாலர் கேரியரின் படத்தையும் பார்த்தேன்: ஐந்தும் ஒரே முத்திரை, கீறலில்லாத மூடி. இரண்டும் ஒன்று என்று சொல்வதற்குக் கண் வேண்டாம், கோபம் இருந்தால் போதும்.

"வெளிநாட்டில் விற்றிருக்கலாமே" என்கிறார்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு நிறைந்த பொருள் தொல்பொருள். கையெழுத்துச் சுவடியானால் 75 ஆண்டே போதும். அப்படிப்பட்டதைத் தனியார் எவரும் நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. இந்தக் கேரியர் அதை எனக்கு விற்ற ஆச்சியின், அதாவது தம்பியுடைய அப்பத்தாவின், மாமியார் காலத்தது. இன்னும் நூறு ஆகவில்லை. ஆகவே தாராளமாக அனுப்பலாம், சட்டம் தடுக்காது. ஆனால் கப்பலிலோ விமானத்திலோ போய் இறங்கும்போது எத்தனை இடத்தில் மங்கு தெறித்திருக்கும் என்பதையும், அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் பின்னூட்டம் போட்டவர்கள் சொல்லட்டும். நூறு ஆண்டைத் தாண்டிய பொருளாக இருந்தால் லண்டன் விலையைக் காரைக்குடியில் பேசுவதில் அர்த்தமே இல்லை, ஏனென்றால் அந்தப் பொருள் லண்டனுக்குப் போகவே முடியாது.

"ஏலத்தில் விட்டிருந்தால் நியாயமான விலை கிடைத்திருக்கும்" என்று ஒருவர் மிகவும் பண்பாகவே எழுதியிருந்தார். ஏலத்தில் விலை ஏற வேண்டுமானால் ஒரே பொருளை ஒரே நாளில் ஆசைப்படுகிறவர்கள் இரண்டு பேர் வேண்டும். ஒருவர்தான் என்றால் ஆரம்ப விலையோடு முடிந்துவிடும். ஏலக்காரர் கழிவு பிடிப்பார், வண்டிக்கூலி தனி. குறைந்தபட்ச விலை வைத்து அது போகாமல் திரும்பினால், அடுத்தமுறை அதே பொருளைப் பார்க்கிறவர்கள் "போன தடவை போணியாகாதது" என்று இன்னும் குறைத்துக் கேட்பார்கள். நானே ஏலத்தில் வாங்கி ஏலத்திலேயே இழந்தவன்.

உனக்குத் தெரிந்தது ஆச்சிக்குத் தெரியாதே, அதைச் சொல்ல வேண்டாமா என்பதுதான் அடுத்த கேள்வி. நான் இலவச ஆலோசகன் இல்லை. இதற்குமேல் இதைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை என்றுதான் முதலில் எழுதினேன், பிறகு அழித்தேன்.

தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம், வேறோர் ஆச்சியிடம் சட்டம்போட்ட ரவிவர்மா படம் ஒன்றை 400 ரூபாய்க்கு வாங்கினேன். சேலையில் ஜரிகையும் சம்கியும் ஒட்டி அலங்கரித்த படம். கடைக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தபோது புள்ளிகள் வரிசையாக இல்லாமல் மணல் தூவியதுபோல இருந்தன. இன்றைய அச்சில் புள்ளிகள் கோலம் போட்டதுபோல வரிசையாக நிற்கும், இது கல்லில் வரைந்து எடுத்த பழைய கல்லச்சு. அதே வாரம் சென்னைக்காரர் ஒருவர் 14,000 கொடுத்து எடுத்துக்கொண்டார். எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. 3,000 ரூபாயை எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். "வித்த சாமானுக்கு மறுகாசு வாங்குற பழக்கம் எங்க வீட்டுல இல்ல தம்பி" என்று சொல்லி, மோர் கொடுத்து அனுப்பிவிட்டார். ஏன் 3,000, ஏன் 7,000 இல்லை என்று நீங்கள் கேட்கலாம். கடை வாடகை பாக்கி இருந்தது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். "இவனும் சிலை திருடன்தான்" என்று ஒருவர் எழுதியதற்கு 140 பேர் விருப்பக்குறி போட்டிருக்கிறார்கள். அதில் என்னோடு பள்ளியில் படித்தவர்கள் இரண்டு பேர். ஸ்ரீபுரந்தான் கோவிலிலிருந்து திருட்டுப்போன நடராஜரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008இல் வாங்கி, 2014இல் இந்தியாவிடம் திருப்பிக்கொடுத்த கதையை நானும்தான் படித்தேன். அங்கே சிலை யார் யார் கைமாறி வந்தது என்று காட்டும் பொய்யான ஆவணங்கள் இருந்தன. என்னிடம் இருப்பது ஆச்சி கையெழுத்திட்ட ரசீது. கோவில் சாமான் என்று சந்தேகம் வந்தால் ஒரு மணியைக்கூட நான் தொடுவதில்லை. சாதம் கொண்டுபோன கேரியரை வாங்கியவனுக்கும் கருவறையில் கைவைத்தவர்களுக்கும் வித்தியாசம் தெரியாதா?

கேரியர் கொடுத்த ஆச்சியின் வீட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன், சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். பதினோரு பங்காளிகள் கூடி வீட்டைப் பிரிக்க முடிவு செய்து, வளவின் (வீட்டின் நடு முற்றத்தின்) பர்மாத் தேக்குத் தூண்களைக் கன அடிக் கணக்கில் வேறொருவருக்கு விற்றார்கள். அன்று யாரும் பதிவு போடவில்லை. கதவு நிலைகள் போயின, ஆத்தங்குடித் தரைக்கல்லைப் பெயர்த்து எடுத்தார்கள். இந்தக் கேரியர் பழைய இரும்புக்காரருக்கென்று இரண்டாம் கட்டில் குவித்து வைத்திருந்த குவியலில் கிடந்தது. நான்தான் எடுத்துத் துடைத்து, இதற்குத் தனி விலை தருகிறேன் என்றேன். ஆச்சி அதைக் கையில் வாங்கி, ஒவ்வோர் அடுக்காகக் கழற்றி, இது தேவகோட்டையில் பிள்ளை பெற்றிருந்தபோது தனக்குப் பத்தியச் சாப்பாடு வந்த கேரியர் என்றார். பத்து நிமிடம் மடியில் வைத்திருந்துவிட்டுத்தான் கொடுத்தார். அந்தத் தம்பி அப்போது வாசலில் கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார்.

கேரியர் இன்னும் கடையில்தான் இருக்கிறது. சீட்டில் 4,500 என்று எழுதியிருக்கிறேன். 650 டாலர் தருகிறேன் என்று இதுவரை யாரும் வரவில்லை. அந்தத் தம்பி வந்தால் 2,800 கொடுத்து எடுத்துக்கொண்டு போகலாம். மூன்றாவது அடுக்கு கொக்கியில் சிக்கும், வலப்பக்கம் சற்றுத் திருப்பி மேலே தூக்கினால் வந்துவிடும்.