அந்தக் கமெண்டை நான் நீக்கப்போவதில்லை

எங்கள் கல்லூரி குரூப் புராஜெக்டின் வைவா (வாய்மொழித் தேர்வு) முடிந்த அன்று குரூப் ஆட்கள் போட்ட போட்டோவும், அதன் கீழே நான் எழுதிய ஒரு வரியும், அப்புறம் நடந்ததும் இங்கே பலருக்குத் தெரியும். ‘டீம் ஒர்க்’ என்று போட்டிருந்தார்கள். ‘ஐந்து பேரில் வேலை செய்தது இரண்டு பேர்’ என்று எழுதினேன். அதற்குத்தான் இன்றுவரை எனக்குப் புத்தி சொல்கிறார்கள். பொறாமையாம், டீம் ஸ்பிரிட் இல்லையாம்.

வேலை செய்யாதவருக்கு மார்க் கொடுக்கக் கூடாது. நான் சொல்வது இதுதான், வேறொன்றும் இல்லை.

ஆளியாற்றுத் தண்ணீர் வரும் பகுதியிலும் வராத பகுதியிலும் கிணற்று நீர்மட்டம் எப்படி இருக்கிறது என்பதுதான் எங்கள் புராஜெக்ட். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலூகாவில் வடகரப்பதி, எருத்தேன்பதி பக்கமெல்லாம் மழை மறைவுப் பகுதி. வெயிலில் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினோம். “அங்க எல்லாரும் தமிழ், நீ பேசினாத்தான் சரியா வரும்” என்று என் தலையில் கட்டினார்கள். சரி, போனேன். ஆனால் கூட வராமல் இருந்த மூன்று பேரில் ஒருவன் கொழிஞ்சாம்பாறைக்காரன், வீட்டில் தமிழ்தான் பேசுகிறான். அவனுக்கும் அதே சாக்கு!

ஒரு தோட்டத்தில் ஒரு பெரியவர், “வா கண்ணு, வெயில்ல நிக்காதே” என்று கட்டிலை இழுத்துப் போட்டார். போர் போட்டு வாங்கிய கடனையும், தண்ணீர் இல்லாமல் வெட்டிய தென்னைகளையும் பற்றி வெகுநேரம் பேசினார். ஒன்று விடாமல் எழுதிக்கொண்டேன். வைவாவில் அதே கதையை ஒருவன், தானே அந்தக் கட்டிலில் உட்கார்ந்து கேட்டதுபோலச் சொன்னான். பாராட்டும் வாங்கினான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அடுத்த கேள்வி: பரம்பிக்குளம் ஆளியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாடு கேரளத்துக்கு வருடத்துக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் தரவேண்டுமே, அதை எங்கே அளக்கிறார்கள்? அவன் என்னைப் பார்த்தான். மணக்கடவுத் தடுப்பணையில் என்று நான் சொன்னேன். 1970-இல் போட்ட ஒப்பந்தம், எங்கள் ரிப்போர்ட்டில் முதல் அத்தியாயமே அதுதான். அதைக்கூடப் படிக்காமல் வந்திருக்கிறான். மார்க் ஐந்து பேருக்கும் ஒன்றுதான்.

“அவங்க வீட்டில் என்ன கஷ்டமோ” என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். நியாயம்தான் அக்கா. ஆனால் என்னோடு உழைத்தவள்தான் மாலையில் துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள். கடை மூடிவிட்டு வந்து ராத்திரி டேட்டாவை டைப் செய்வாள். கஷ்டம் இருந்தால் ஒரு வார்த்தை சொல்லலாம், அவள் சொல்வாள். குரூப்பில் மெசேஜைப் பார்த்துவிட்டு மூன்று நாள் பதில் போடாமல் இருப்பதற்கு என்ன கஷ்டம்?

“வேலைக்குப் போனாலும் இப்படித்தான், பழகிக்கோ” என்பவர்களுக்குப் பதில் சொல்லக்கூட எனக்கு விருப்பமில்லை.

“முன்னாடியே சாரிடம் சொல்லியிருக்கலாமே?” சொன்னேன். அட்ஜஸ்ட் பண்ணிக்கோ என்றார்.

இது புதிய பிரச்சினையும் இல்லை. ரிங்கெல்மன் என்ற பிரெஞ்சுக்காரர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து 1913-இலேயே எழுதிவிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தால் ஆளுக்குப் பாதி பலம்தான் போடுகிறார்கள். பாலக்காட்டுக் கல்பாத்தித் தேர்த் திருவிழாவில் வடத்தைத் தொட்டபடி போட்டோ எடுத்துக்கொண்டு நகர்பவர்களைப் போலத்தான் எங்கள் ஆட்களும். பின்னால் வந்த ஆய்வுகளில், யார் எவ்வளவு செய்தார் என்று தனித்தனியாகத் தெரியும் என்றால் இந்த மெத்தனம் குறைகிறது என்றும் கண்டிருக்கிறார்கள். அப்படியென்றால் ஆளுக்கொரு அத்தியாயம் கொடுத்து, அதிலிருந்து கேள்வி கேட்டு, தனித்தனியாக மார்க் போடுவதில் என்ன சிரமம்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். “ரிப்போர்ட்டைப் பொண்ணுங்க எழுதினா நீட்டா இருக்கும்” என்று ஆரம்பத்திலேயே சொன்னார்கள். வீட்டில் விசேஷம் என்றால் அம்மாவும் சித்தியும் அடுப்படியில் வேகிறார்கள், பந்தியில் நின்று பெயர் வாங்குவது மாமாக்கள். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பார்த்து வெறுத்துப்போன விஷயம் அது. கல்லூரியிலும் அதையே செய்துவிட்டு நான் சிரித்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்க வேண்டுமா?

கமெண்டை எடுக்கச் சொல்லி இன்பாக்ஸில் வருபவர்கள் இனி வர வேண்டாம். அடுத்த செமஸ்டரில் என்னையும் அவளையும் மட்டும் ஒரே குரூப்பில் போடச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறோம்.