தனியார் ஆஸ்பத்திரி

(மதுரை. ஞாயிறு இரவு 8 மணி. கக்கூஸுக்குள் மாமா, வயது 54. வெளியே ஸ்டூலில் மச்சினன் செல்வம், பிளம்பர். கையில் சொம்பு, மடியில் ஆஸ்பத்திரிச் சீட்டு. விடிந்தால் மாமாவுக்குக் கொலனோஸ்கோப்பி: பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனை.)

செல்வம்: மாமா, கால் மணி நேரம் ஆச்சு. அடுத்த கிளாஸ்.

மாமா: இப்பத்தானடா குடிச்சேன். அது இன்னும் உள்ள போயே சேரலை... இரு இரு... சேந்துருச்சு.

செல்வம்: மருந்து வேலை செய்யுது. மொத்தம் ரெண்டு லிட்டர். இப்ப ஒண்ணு, மீதி விடியக்காலை 4 மணிக்கு.

மாமா: நாலு மணிக்கா? மார்கழி பஜனைக்கே எந்திரிக்காதவன்டா நானு.

செல்வம்: நீங்க ஏன் எந்திரிக்கணும்? அதுவே எழுப்பிவிடும்.

மாமா: கடல்தண்ணியில ஆரஞ்சு மிட்டாயைக் கரைச்ச மாதிரி இருக்கு. ஒரு ரோஸ்மில்க்காச்சும் வாங்கிட்டு வாடா.

செல்வம்: செவப்பே ஆகாதுன்னு போட்டிருக்கு. உள்ள பாக்குறப்ப ரத்தம்னு நெனச்சுருவாங்களாம். தக்காளி, கொய்யா, கீரைகூட நேத்தே நிறுத்தியிருக்கணும். நிறுத்துனீங்கள்ல?

மாமா: (மௌனம்)

செல்வம்: மாமா?

மாமா: கத்திரிக்கா போடலைல சீட்டுல?

செல்வம்: “விதையுள்ள காய்கள்”னு போட்டிருக்கு.

மாமா: ஒரே ஒரு கரண்டிடா. உங்கக்கா வச்சா.

செல்வம்: பெருங்குடல் கிட்டத்தட்ட அஞ்சடிப் பைப்பு மாமா. நடுவுல எல்போ வேற. அதுக்குள்ள கேமரா போகையில விதை ஒட்டிக்கிட்டு நின்னா என்ன தெரியும்? அடைப்பெடுக்க வர்றவனைக் கூப்பிட்டுட்டு தொட்டியில சோத்தைக் கொட்டுன கதையா இருக்கு. இந்தாங்க, குடிங்க.

(கதவு இரண்டு அங்குலம் திறக்கிறது. கை வருகிறது. கிளாஸ் போகிறது.)

செல்வம்: ஆறு மாசமா ரத்தம் போயிருக்கு. ஒரு வார்த்தை சொல்லலையே.

மாமா: சூடுன்னு நெனச்சேன். வெந்தயம் முழுங்குனேன், மோர் குடிச்சேன், வாராவாரம் தலைக்கு நல்லெண்ணெய் வச்சேன்.

செல்வம்: ஓட்டை கீழ் டேங்குல. மேல் டேங்குக்கு வெள்ளையடிச்சிருக்கீங்க.

மாமா: அப்புறம் கரண்டுக் கம்பத்துல “மூலம், பௌத்திரம்”னு நோட்டீஸ் ஒட்டியிருந்துச்சு. நம்பரைக் குறிச்சுக்கிட்டேன். நல்லவேளை, மழையில கடைசி ரெண்டு நம்பர் அழிஞ்சு போயிருந்துச்சு.

செல்வம்: டாக்டர் என்னதான் சொன்னாரு?

மாமா: மூலமாவும் இருக்கலாம், பாக்காமச் சொல்ல மாட்டேன்னுட்டாரு. உள்ள பாலிப்புன்னு சின்னக் கட்டி இருந்தா அப்பவே வெட்டி எடுத்துருவாங்களாம். கண்டுக்காம விட்டா அதுல சிலது வருசக்கணக்குல புத்துநோயாயிருமாம்.

செல்வம்: இதைப் பெரியாஸ்பத்திரியிலயே காசில்லாம பாத்திருக்கலாமே.

மாமா: அங்க வரிசையில நின்னா கோரிப்பாளையமே பாக்கும். தனியார்னா தனியாப் பாப்பாங்கன்னு நெனச்சேன்டா!

செல்வம்: பாக்கலையா?

மாமா: நாப்பது பேரு உக்காந்திருக்க இடத்துல ஒரு நர்சம்மா வந்து, “மோஷன்ல பிளட் போற பேஷண்ட் யாரு?”ங்குது. எனக்கு முன்னாடி மூணு பேரு எந்திரிச்சுட்டாங்க.

செல்வம்: அப்பத் துணைக்கு ஆள் இருக்கு.

மாமா: உள்ள போனா டாக்டர் ஒரு அட்டையை நீட்டுறாரு. ஏழு படம். கேன்டீன் மெனுன்னு நெனச்சு, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஆசையாப் பாத்தேன்.

செல்வம்: என்ன படம்?

மாமா: அதுதான்டா. அதுல ஏழு வகையாம். ஒண்ணாவது ஆட்டுப்புழுக்கை. நாலாவது நல்லாப் பழுத்த நாட்டு வாழைப்பழம். ஏழாவது வெறும் கஞ்சித்தண்ணி. “உங்களுது எது, தொட்டுக் காட்டுங்க”ங்கிறாரு.

செல்வம்: தொட்டீங்களா?

மாமா: படத்தைத்தானடா! மூணும் நாலும்தான் உத்தமமாம். மேல பிரிஸ்டல்னு போட்டிருந்துச்சு. நம்ம பெட்டிக்கடை சிகரெட்டுப் பேராச்சேன்னு கேட்டேன். அது இங்கிலாந்துல ஒரு ஊராம், அந்த ஊரு டாக்டருங்க 1997ல வெளியிட்டதாம். நம்ம ஆச்சி, பிள்ளைக கக்கூஸ் போன எடத்தை எட்டிப் பாத்தே மருந்து சொல்லும். அட்டையா போட்டுக்கிட்டு இருந்துச்சு?

செல்வம்: சரி, காசு? இன்ஷூரன்ஸ் இருக்கே.

மாமா: வெறும் பரிசோதனைக்குன்னு போய்ப் படுத்தா தர மாட்டாங்களாம். விடு. அதைவிடப் பெரிய கொடுமை, வெளிய வந்தா எதுத்த நாற்காலியில நம்ம சம்பந்தி!

செல்வம்: ஐயய்யோ. பாத்துட்டாரா?

மாமா: “என்ன இந்தப் பக்கம்?”னேன். கண்ணு டெஸ்டுக்குன்னாரு. நீங்கன்னாரு. முட்டி வலின்னேன்.

செல்வம்: குடல் ஆஸ்பத்திரியில?

மாமா: ரெண்டு பேருமே போர்டைப் பாக்காத மாதிரி நின்னோம். இப்ப நாளைக்கு அவரோட சிவகாசிக்குப் போயி கல்யாணப் பத்திரிகைக்கு ஆர்டர் குடுக்கணும். மயக்க ஊசி போட்டா அன்னைக்கு வண்டியைத் தொடக்கூடாது, கூட ஆள் வரணும்னுட்டாங்க. அவருகிட்ட என்னத்தைச் சொல்ல?

(மாமாவின் செல்போன் அடிக்கிறது.)

செல்வம்: அவருதான் மாமா! (போனில்) சொல்லுங்கய்யா... மாமா பூஜையில இருக்காரு... அப்படிங்களா? நாளைக்கு வர முடியாதா?... கண்ணுல மருந்து ஊத்தியிருக்காங்களா... இருங்கய்யா. (போனைப் பொத்தி) மாமா, சிவகாசியை அடுத்த வாரம் வச்சுக்கலாமாங்கிறாரு.

மாமா: அப்பாடா! மீனாட்சி காப்பாத்திட்டா. உடம்பைப் பாத்துக்கச் சொல்லு.

செல்வம்: மாமா, தண்ணி ஊத்துற சத்தம் கேக்குது.

மாமா: அதான் கண்ணுல மருந்து ஊத்துறாங்கன்னாரே.

செல்வம்: வாளியிலேர்ந்தா? குரல் வேற எக்கோ அடிக்குது. இது ஹால் எக்கோ இல்ல மாமா. அஞ்சுக்கு நாலு ரூமு, சுத்தியும் டைல்ஸு. இந்த மாதிரி நான் எத்தனை மாட்டியிருக்கேன்.

(நீண்ட மௌனம். உள்ளே ஒரு சொம்பு கீழே வைக்கப்படும் சத்தம்.)

மாமா: செல்வம்.

செல்வம்: மாமா.

மாமா: அவருக்குக் குடுத்தது ஆரஞ்சா, எலுமிச்சையான்னு கேளு.