ஒளியும் ஒலியும் தூர்தர்ஷன் நிகழ்ச்சி

'ஒளியும் ஒலியும்' சன் டிவியில்தான் தொடங்கியது, அதற்கு முன் டிவியில் சினிமாப் பாட்டே கிடையாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் ஆமாம் போட்டிருக்கிறார்கள். அப்படியில்லைங்க. அது சென்னைத் தூர்தர்ஷனின் வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டு நிகழ்ச்சி. அந்த நிலையம் 1975-லேயே வந்துவிட்டது. சன் டிவி 1993 ஏப்ரல் 14-ல்தான். 80-களில் வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் டிவி உள்ள வீட்டில் தெருவே கூடிவிடும். மொட்டை மாடியில் ஒருவர் ஆன்டெனாவைத் திருப்ப, கீழேயிருந்து "வந்துடுச்சு, அப்படியே விடு!" என்று குரல் போகும். சந்தேகம் இருந்தால் எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் 80-களின் வெள்ளிக்கிழமை நாளிதழ்கள் சிலவற்றைக் கேட்டு வாங்கி, டிவி நிகழ்ச்சிப் பட்டியலை நீங்களே பாருங்கள்.