கறுப்பு மதில், வெள்ளை நகரம்

போன மாதம் வீட்டுக்கு வந்த நண்பன் மேசைமேல் நான் கட்டிவைத்திருந்த லெகோ மாடலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். ஏழு அடுக்கு, உச்சியில் ஒரு கோபுரம், நடுவில் கப்பலின் மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பாறை. "மினாஸ் திரித் தானே?" என்றான். கண்டுபிடித்துவிட்டானே என்று எனக்கு ஒரே பெருமை. அடுத்த கேள்வியிலேயே அது வடிந்துவிட்டது. "கீழ மதில் மட்டும் ஏன்டா கறுப்பு? வெள்ளைக் கட்டை தீந்துபோச்சா?"

தீரவில்லை. வெள்ளைக் கட்டை ஒரு டப்பா நிறைய மிச்சம் இருக்கிறது. டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலில் அந்த நகரத்தின் வெளி மதில் கறுப்புதான். அதே கதையில் வரும் ஓர்தாங்க் கோபுரத்தைப் போலவே கரிய, வழவழப்பான, இரும்புக்கும் நெருப்புக்கும் மசியாத கல் என்று எழுதியிருக்கிறார். வெள்ளை நகரம் அதற்கு உள்ளே இருக்கிறது. நாவலை வைத்து எடுத்த படத்தில் எல்லாமே வெள்ளையாகிவிட்டது. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் என் கண்ணில் பட்ட லெகோ மினாஸ் திரித் அத்தனையும் அடி முதல் நுனி வரை வெள்ளை.

கொஞ்ச நாளாகவே மனசை அரித்துக்கொண்டிருக்கும் விஷயம் இது. ஃபேன்டசி நாவல்களை வைத்து ரசிகர்கள் கட்டும் மாடல்களில் முக்கால்வாசி, நாவலைத் திறக்காமலே கட்டியவை என்று தோன்றுகிறது. டப்பாவோடு வரும் குறிப்பேட்டைப் பார்க்காமல் சொந்தமாக யோசித்துக் கட்டுவதை எங்கள் கூட்டத்தில் 'மாக்' என்போம். ஆனால் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கட்டினால் அதில் சொந்தம் எவ்வளவு? எத்தனை ஜன்னல், எந்த வளைவு, என்ன நிறம் என்று எல்லாவற்றையும் வேறு யாரோ ஏற்கெனவே முடிவு செய்து வைத்துவிட்டார்கள். புத்தகத்திலிருந்து கட்டினால் அந்த முடிவெல்லாம் நம் தலையில் விழும். இந்தப் பொழுதுபோக்கின் ருசியே அதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

வாசல் கதையைச் சொல்கிறேன். முதல் தடவை கட்டியபோது வாசல்களை ஒன்றுக்கு மேல் ஒன்றாக ஒரே கோட்டில் வைத்தேன். நேர்த்தியாக இருந்தது. மூன்று வார வேலை. அப்புறம் ஒரு ராத்திரி, கோபுரத்தின் உயரத்தைச் சரிபார்க்க அந்த அத்தியாயத்தைத் திறந்தால், பெருவாசல் கிழக்கே பார்க்கிறது, அடுத்தது கொஞ்சம் தெற்கே தள்ளி, மூன்றாவது கொஞ்சம் வடக்கே தள்ளி, இப்படியே மாறி மாறி மேலே போகிறது. சாலை மலையின் முகத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஏறி, நடுப்பாறை குறுக்கே வரும்போதெல்லாம் அதைக் குடைந்துகொண்டு போகிறது. இந்த வரிகளை இதற்கு முன் நாலு தடவையாவது படித்திருப்பேன். கண் ஓடியிருக்கிறது, புத்தி ஓடவில்லை.

பிரித்தேன். ஒரு வார்த்தை பேசாமல் எல்லாவற்றையும் பிரித்தேன். மறுபடி கட்டும்போதுதான் புரிந்தது: ஒரு வாசலை உடைத்து வரும் படை நேராக அடுத்த வாசலுக்கு ஓட முடியாது. மேலே நிற்பவர்களின் அடியை வாங்கிக்கொண்டு மதிலோரமாகவே ஊர்ந்து போக வேண்டும். வழி காட்டுவதற்காக எழுதிய வர்ணனை என்று நினைத்திருந்தேன். அது ஒரு பாதுகாப்புத் திட்டம். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது வாசிப்பு என்பதா, பிளாஸ்டிக் என்பதா?

அளவு இன்னொரு தலைவலி. லெகோ மனிதன் இப்போதிருக்கும் உருவத்தில் வந்தது 1978-இல். உயரம் சுமார் 4 செ.மீ. அவனை நிஜ ஆளாக வைத்துக்கொண்டால் உலகம் ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. நாவலின்படி பெருவாசலிலிருந்து உச்சி முற்றத்துக்கு 700 அடி. கணக்குப் போட்டால் மாடல் 5 மீட்டர் வருகிறது, அதற்கு மேல் கோபுரம் இன்னொரு 2 மீட்டர். கூரையைப் பிரித்துவிட்டுத்தான் கட்ட வேண்டும். ஆகவே ஆயிரத்தில் ஒரு பங்கு என்று இறங்கினேன். 700 அடி என்பது 21 செ.மீ. ஆனது. ஒரு அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்கு மூன்றரை செ.மீ. ஒரு கட்டையின் உயரம் 9.6 மி.மீ., மெல்லிய பிளேட் அதில் மூன்றில் ஒரு பங்கு, 3.2 மி.மீ. மூன்று கட்டையும் இரண்டு பிளேட்டும் அடுக்கினால் 35.2. இதைவிடச் சரியாக வராது. அந்த ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை, சந்தோஷத்தில்.

இந்த அளவில் மனிதன் ஒன்றரை மில்லிமீட்டர் ஆகிவிடுகிறான். அதாவது ஆளே கிடையாது. ஜன்னல்கூடக் கிடையாது, இரண்டு கட்டைக்கு நடுவில் தெரியும் கோடுதான் ஜன்னல். பார்ப்பவர்கள் மனசில் மிச்சத்தை நிரப்பிக்கொள்ள வேண்டும். நாவலாசிரியரும் அதைத்தானே நம்பி எழுதுகிறார்.

சரி, பெரிய நகரத்தை விடுங்கள். ஒரு கதவைப் பார்ப்போம். 1937-இல் வந்த டோல்கீனின் ஹாபிட் கதையின் தொடக்கத்தில் நாயகன் பில்போ வீட்டுக் கதவு வருகிறது: முழு வட்டம், பச்சை நிறம், நட்டநடுவில் பளபளக்கும் பித்தளைக் கைப்பிடி. படிக்கும்போது "ஆஹா, அழகு" என்று தாண்டிப் போய்விடுவோம். கட்ட உட்கார்ந்தால் 'நட்டநடுவில்' என்ற ஒற்றைச் சொல் சட்டையைப் பிடிக்கும். குறுக்காக ஆறு குமிழ் (கட்டையின் மேல் முளைத்திருக்கும் பொட்டு) உள்ள வட்டப் பிளேட்தான் கதவு. ஆறு இரட்டைப்படை, அதனால் நடுப்புள்ளி எந்தக் குமிழின்மேலும் விழாது, நாலு குமிழ்களுக்கு நடுவே விழும். குமிழுக்குக் குமிழ் 8 மி.மீ. கைப்பிடியை அந்த நாலில் எந்தக் குமிழில் மாட்டினாலும் பக்கவாட்டில் 4 மி.மீ., மேலே அல்லது கீழே 4 மி.மீ. ஒதுங்கி நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது, ஆனால் எனக்குத் தெரியும். இதற்கு ஜம்பர் என்று ஒரு பீஸ் இருக்கிறது. அடியில் நாலு குமிழைக் கவ்விக்கொண்டு, மேலே சரியாக மையத்தில் ஒரே ஒரு குமிழை மட்டும் காட்டும். அதன்மேல் தங்க நிறத்தில் ஒரு சின்ன வட்டம். டக்கென்று உட்காரும் அந்தச் சத்தம் இருக்கிறதே!

அடுத்த சிக்கல் கீல். சதுரக் கதவுக்கு ஒரு முழு விளிம்பு இருக்கிறது, வட்டத்துக்கு எது விளிம்பு? சட்டத்தை அது தொடுவதே ஒரு புள்ளியில். போதாக்குறைக்குக் கைப்பிடி நடுவில். கீலுக்கு எட்ட இருந்தால்தான் கதவு லேசாகத் திறக்கும், நடுவில் வைத்தால் இரட்டிப்புப் பலம் வேண்டும். அந்த மனுஷன் தினமும் எப்படித்தான் திறந்து மூடினான்? ஆசிரியர் வாய் திறக்கவில்லை. நான் கதவுக்குப் பின்னால், ஓரத்திலிருந்து ஒரு குமிழ் உள்ளே தள்ளி, இரண்டு கீல் வைத்துச் சமாளித்தேன். திறக்கும்போது இடது ஓரம் உள்ளே போய் மறைகிறது. இப்போது அந்தக் கதையைப் படித்தால் என் கதவுதான் திறக்கிறது.

படமே வேண்டாம் என்கிறாயா என்று கேட்பீர்கள். படம் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர், லெகோ பக்கம் வந்தவர்களும்தான். பள்ளிக்கூடம் முடிந்ததும் கட்டைகளைப் பரணில் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் மறந்துபோகும் காலத்தை எங்கள் ஆட்கள் 'இருண்ட காலம்' என்பார்கள். என் இருண்ட காலத்தை முடித்துவைத்ததும் ஒரு படம்தான். நன்றி கெட்டவனில்லை. ஆனால் படம் கொடுத்த உருவம் ஒன்றே சரி, மற்றதெல்லாம் தப்பு என்று ஆகும்போது உறுத்துகிறது. லார்ட் ஆஃப் த ரிங்ஸ் வில்லன் சாரோனுடைய இருண்ட கோபுரத்தின் உச்சியில் இரண்டு கொம்புக்கு நடுவே எரியும் கண், 2024-இல் வந்த 5,471 பீஸ் அதிகாரபூர்வ மாடலிலும் அப்படியே நிற்கிறது. நாவலில் தூரத்திலிருந்து தெரிவது, எட்டாத உயரத்தில் ஒரு ஜன்னல், அதிலிருந்து ஒரு கணம் குத்திவிட்டு மறையும் சிவப்பு. கலங்கரை விளக்கம் மாதிரி எரியும் அந்தக் கண்ணைவிட இந்த ஜன்னல்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

லெகோ ஐடியாஸ் மாதிரியான இடங்களிலும் இந்தச் சாய்வு உண்டு. ஜப்பானில் 2008-இல் வேறு பெயரில் ஆரம்பித்த ஏற்பாடு அது. ரசிகர் வடிவமைப்புக்கு 10,000 பேர் ஆதரவு சேர்ந்தால் நிறுவனம் பரிசீலிக்கும். பத்தாயிரம் பேர் ஒரே பார்வையில் அடையாளம் காண வேண்டும் என்றால் எல்லோரும் பார்த்த காட்சியைத்தான் கட்ட வேண்டும். கறுப்பு மதிலுக்கு யார் கை தூக்குவார்கள்?

அப்புறம் அந்தக் கேள்வி: "மொத்தம் எத்தனை பீஸ்?" ஒரு நாவலைப் பக்க எண்ணிக்கை கேட்டு எடைபோடுவது மாதிரி. எண்ணிக்கையில் எனக்கும் மயக்கம் உண்டு. 2023-இல் வந்த ரிவெண்டல் (டோல்கீன் கதையில் எல்ஃப்கள் வாழும் இடம்) டப்பாவில் 6,167 பீஸ். அதற்குப் பத்து வருஷம் முன்பே, 2013-இல், அமெரிக்க ரசிகர்கள் இரண்டு பேர் சேர்ந்து சுமார் 2 லட்சம் பீஸில் ரிவெண்டலைக் கட்டிக் காட்டிவிட்டார்கள். வாயைப் பிளந்துதான் பார்த்தேன். ஆனால் இத்தனை வருஷத்தில் என்னை உலுக்கியது ஒரு குட்டி மாடல். உள்ளங்கை அகலம், அடர் சாம்பலில் ஒரு சுரங்கப்பாதை, அதன் கோடியில் ஆரஞ்சு நிறத்தில் ஒளி ஊடுருவும் ஒரே ஒரு பீஸ். இந்தப் பக்கம் தனியாக ஒரு குட்டி மனிதன். டிராகனே இல்லை! டிராகனின் குகைக்குப் போகும் சுரங்கத்தில், சிவப்பு வெளிச்சமும் குறட்டைச் சத்தமும் வரும் இடத்தில் பில்போ நின்று, பிறகு மேலே நடந்தானே, அவன் வாழ்க்கையிலேயே பெரிய துணிச்சல் அந்த அடிதான் என்று கதை சொல்கிறது. அந்த ஒரு வாக்கியத்தை ஒருவர் பிடித்து வைத்திருந்தார். டிராகனை வைத்திருந்தால் கெட்டுப்போயிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாழைப்பழ பீஸைத் தூண் உச்சியில் வளைவு வேலைப்பாடாக மாட்டுவார்கள், எலும்புக்கூட்டின் கையைக் காய்ந்த மரக்கிளையாக்குவார்கள். பார்த்தவுடன் கிளை, உற்றுப் பார்த்தால் கை, மறுபடி கிளை. பள்ளிக்கூடத்தில் உருவகம் என்று மனப்பாடம் செய்தோமே, அதை விரலால் தொட முடிவது இங்கேதான். பேய்க்காட்டு மரங்களுக்கு இந்தக் கைகளைப் பயன்படுத்தியவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு கும்பிடு.

சாம்பல் நிறமும் அப்படித்தான். 2004 வாக்கில் பழைய சாம்பல் போய், லேசாக நீலம் கலந்த புதுச் சாம்பல் வந்தது. கோட்டை கட்டுவதற்காக வருஷக்கணக்கில் சாம்பல் சேர்த்தவர்கள் கொதித்துப்போனார்கள், பழசும் புதுசும் ஒட்டவே இல்லை. ஒட்டாததை நான் வேண்டுமென்றே சேர்த்துவிட்டேன். முன்னோர் கட்டிய கோட்டையைப் பின்னால் வந்தவர்கள் தெரிந்த மட்டும் ஒட்டுப்போட்டு வைத்திருப்பது ஃபேன்டசியில் எங்கும் உண்டு. என் காவல் கோபுரத்தில் கீழ்ப்பாதி பழைய சாம்பல், மேலே புதுசு.

முகத்தின் நிறத்தையும் விட்டுவிடக் கூடாது. லெகோ மனிதர்கள் வெகுகாலம் எல்லோரும் மஞ்சள், 2003-க்கு அப்புறம்தான் படக் கதாபாத்திரங்களுக்கு மனிதத் தோல் நிறங்கள் வந்தன. உர்சுலா லெ குவினின் எர்த்ஸீ ஃபேன்டசி நாவல்களின் நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன், அவன் தோழன் வெட்ச் இன்னும் கறுப்பு. 2004-இல் வந்த தொலைக்காட்சித் தொடர் கெட்டை வெள்ளைக்காரனாக்கியது, லெ குவின் அதைக் கண்டித்து வெளிப்படையாக எழுதினார். நான் கெட்டின் படகைக் கட்டியபோது செம்பழுப்புத் தலை ஒன்றுக்காக இரண்டு மாதம் தேடினேன். படகு ஒரே நாளில் முடிந்தது.

கடைசியாக ஒரு குற்ற ஒப்புதல். பீஸை வெட்டக் கூடாது, பெயின்ட் அடிக்கக் கூடாது, பசை போடக் கூடாது என்று எங்களில் ஆசாரக்காரர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான், போன வாரம் வரை. ஹாபிட் கதையில், பில்போவின் கதவில் காலையில் வந்த மந்திரவாதி காண்டால்ஃப் கைத்தடி முனையால் ரகசியக் குறி ஒன்றைக் கீறிவிட்டுப் போகிறார். மறுநாள் அவரே தட்டுகிற தட்டில் கதவு நசுங்கி அந்தக் குறியும் அழிந்துபோகிறது. ஆக, குறி இருந்தது ஒரே ஒரு நாள். என் மாடலில் அந்த ஒரு நாள்தான் வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டிப் பார்த்தேன், ஒட்டிய மாதிரி இருந்தது. ஊசியை எடுத்தேன். புத்தம்புதுப் பச்சை பீஸ். கை நடுங்கியது.

நேற்று அதே நண்பன் வந்தான். கதவைத் திறந்து மூடிப் பார்த்தான், கைப்பிடியைத் திருகினான், கீறலை விரலால் தடவினான். "பழைய பீஸா? கீறல் விழுந்திருக்கு பாரு."

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.