முகாமுக்குள் அகப்பட்ட கற்கள்

திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போக வேண்டுமென்றால் ஆமிக் காம்பைக் கடந்துதான் போக வேண்டும். வேறு பாதை இல்லை. பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குள் நுழைந்தால் இரண்டு பக்கமும் படையினரின் கட்டடங்கள், நடுவில் பயமில்லாமல் மேய்ந்து திரியும் புள்ளிமான்கள், அப்புறம் ஏற்றம், உச்சியில் கோயில். அர்ச்சனைத் தட்டோடு போகிற கூட்டம் அந்த வாசலில் நிற்பதே இல்லை. பாவநாசம், இராவணன் வெட்டு, கடல் எல்லாம் மேலேதானே இருக்கின்றன. ஆனால் அந்தக் கோட்டையின் கதை முழுவதும் வாசல் கல்லிலேயே இருக்கிறது.

அந்தக் கல்லில் பாண்டியரின் கயல் இருக்கிறது. பக்கத்தில் தேய்ந்துபோன தமிழ் எழுத்துகள். பல இடங்களில் எழுத்து அழிந்துவிட்டது. மிஞ்சியதை வைத்து அறிஞர்கள் வாசித்த வரி இது: "முன்னே குளக்கோட்டன் மூட்டு திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே." குளக்கோட்டன் என்ற மன்னன் கட்டியதைப் பறங்கி உடைப்பான் என்று சொல்லும் கல், அந்தப் பறங்கி உடைத்துக் கட்டிய கோட்டைக்கே வாசல் கல்லாக நிற்கிறது. 1620களில் கொன்ஸ்டன்டினோ டி சா என்ற போர்த்துக்கேயத் தளபதி கோயிலை இடித்து, அந்தக் கற்களாலேயே கோட்டையை எழுப்பினான். கோயிலில் இப்படியொரு எழுத்து இருந்ததை அவனே தன் அரசனுக்கு எழுதியும் அனுப்பினான். கோயிலை இடித்தவனுக்குக்கூட அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அறிய ஆவல் இருந்திருக்கிறது.

அதன் பிறகு வந்தவர்களும் தங்கள் பங்குக்கு எழுதிவிட்டுப் போனார்கள். ஒல்லாந்தர் வாசலில் 1675 என்று ஆண்டு பொறித்தார்கள். மலையுச்சியில் பிரான்சினா வான் ரீட் என்ற பெண்ணின் பெயரில் 1687ஆம் ஆண்டு எழுதிய தூண் ஒன்று நிற்கிறது. காதலன் கைவிட்டுப் போனதால் கடலில் குதித்தாள் என்று கதை சொல்வார்கள். அவள் பிறகு கல்யாணம் செய்து வாழ்ந்ததாகத்தான் ஒல்லாந்தப் பதிவுகள் சொல்கின்றன. அந்தத் தூணே பழைய கோயிலின் தூண்தான் என்றும் சொல்வார்கள். 1795இல் ஆங்கிலேயர் கோட்டையைப் பிடித்தார்கள். 1803இல் தங்கள் இளவரசர் பிரெட்ரிக்கின் பெயரை அதற்கு வைத்தார்கள். 1800இல் ஆர்தர் வெல்லஸ்லி தங்கிய வீடும் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த அதே வெலிங்டன் பிரபு. 1223இல் இலங்கைக்கு வந்த சோடகங்கதேவனைப் பற்றிச் சொல்லும் கிரந்தக் கல்வெட்டுத் துண்டு ஒன்று இதே கோட்டையில் கதவு நிலையாகக் கிடந்து அகப்பட்டது. ஆக, இந்தக் கற்கள் தப்பியது யாரும் மதித்ததால் அல்ல. கட்டடம் கட்ட உதவின, அதனால் இருக்கின்றன.

இன்று கோட்டை இலங்கை இராணுவத்தின் கையில். முன்பு ஆங்கிலேயரின் படை, அதற்கு முன் ஒல்லாந்தரின் படை. நான் சொல்ல வருவது இதுதான்: ஒரு முகாமுக்குள் அகப்பட்ட கல்லும் கல்லறையும் அந்த முகாமுக்குச் சொந்தமாகிவிடாது. அந்த நேரத்தில் திறப்பு யார் கையில் இருக்கிறதோ அவர்கள் காவல்காரர்கள், அவ்வளவுதான். ஒரு கல் எதைச் சொல்லலாம், யார் வந்து வாசிக்கலாம், யார் அதன் முன்னால் அழலாம் என்று தீர்மானிக்கும் உரிமை துப்பாக்கியோடு சேர்ந்து வருவதில்லை.

திருகோணமலைக் கல்லைப் பற்றி நாளைக்கே சண்டை தொடங்கலாம் என்பது தெரியும். இலங்கையின் பழைய பௌத்த வரலாற்று நூலான மகாவம்சம் கோகண்ணம் என்று சொல்வது இந்த இடத்தைத்தான், மகாசேன மன்னன் இங்கே விகாரை கட்டினான் என்று ஒரு தரப்பு சொல்லும். கோட்டைக்குள் கோகர்ண விகாரையும் இருக்கிறது. சரி, எழுதுங்கள். அதையும் எழுதுங்கள், குளக்கோட்டனையும் எழுதுங்கள், டி சா இடித்ததையும் எழுதுங்கள். மூன்று மொழியிலும், ஒரே அளவு எழுத்தில். கனக்கக் கதை உள்ள இடத்தில் ஒரு கதையை மட்டும் பெரிய பலகையில் எழுதுவதும் ஒரு வகை இடிப்புத்தான்.

அதே ஊரில் நிலாவெளி வீதியில் இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் மயானம் ஒன்று இருக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்றைக்கே ஹேர்மஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்தன. அதில் மட்டும் 307 பேர் போனார்கள். அந்த யுத்தத்தில் இறந்தவர்கள் இந்த மயானத்தில் வரிசையாகப் படுத்திருக்கிறார்கள். வெட்டிய புல், ஒரே உயரக் கற்கள், கல்லில் பெயர், படைப்பிரிவு, வயது. அதிகாரிக்குப் பெரிய கல், சிப்பாய்க்குச் சின்னக் கல் என்ற பாகுபாடு கிடையாது. நம்மை ஆண்டவர்களின் படை அது. இருந்தாலும் அந்த மயானத்தை மூடு என்று எந்தத் தமிழரும் எந்தச் சிங்களவரும் கேட்டதாக நான் அறியேன். கேட்கவும் கூடாது. பத்தொன்பது வயதில் செத்துப்போன ஒரு பிள்ளையின் பெயர் ஒரு கல்லில் இருப்பது யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

இனி கோப்பாய்.

யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சைவக் குடும்பங்கள் இறந்தவர்களை எரிப்பதுதான் நம் வழக்கம். புலிகள் 1990களின் தொடக்கத்தில் போராளிகளைப் புதைக்கத் தொடங்கினார்கள். அப்படி உருவானவைதான் துயிலும் இல்லங்கள். உடல் கிடைத்தவர்களுக்குக் கல்லறை, கிடைக்காதவர்களுக்கு நினைவுக்கல். கோப்பாயில் இரண்டும் வரிசை வரிசையாக இருந்தன. 1995 கடைசியில் இராணுவம் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு அது இடிக்கப்பட்டது. 2002 சமாதான காலத்தில் மறுபடி கட்டினார்கள். அப்போது, முன்பு உடைக்கப்பட்ட கற்களின் துண்டுகளையும் அங்கேயே காட்சிக்கு வைத்தார்கள். 2009க்குப் பிறகு மறுபடியும் தரைமட்டம். 2011 மார்ச்சில் அந்த இடத்தின் மேலேயே 51ஆவது படைப்பிரிவின் தலைமையகம் திறக்கப்பட்டது.

அந்தக் கற்களுக்குக் கீழே உடல்கள் இருந்தன. கல்லைத்தான் எடுத்தார்கள். ஒரு தாய் தன் பிள்ளையைப் புதைத்த இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் சென்றிக்காரரைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்ட விட்டாலும், உள்ளே எந்த இடம் என்று காட்ட ஒரு அடையாளமும் இல்லை. கார்த்திகை (நவம்பர்) 27, மாவீரர் நாள் வந்தால் அந்தச் சனம் முகாமுக்கு வெளியே கூடி விளக்கு வைக்கிறது. அந்தப் பக்கத்தில் பிள்ளை, இந்தப் பக்கத்தில் அம்மா, நடுவில் கம்பி வேலி. இதைப் பாதுகாப்பு என்று எனக்கு யாரும் சொல்லாதீர்கள். யாழ்ப்பாணத்தில் படைப்பிரிவுத் தலைமையகம் கட்ட வேறு காணியே இல்லையா?

இதைச் சொன்னவுடன் வரும் பதில் தெரியும்: "பயங்கரவாதிகளை மகிமைப்படுத்தக் கூடாது." நான் மகிமையைக் கேட்கவில்லை, கல்லறையைத்தான் கேட்கிறேன். அங்கே கிடப்பவர்களில் விரும்பிப் போனவர்களும் இருக்கிறார்கள், கடைசிக் காலத்தில் வீடு வீடாக வந்து இழுத்துக்கொண்டு போன பிள்ளைகளும் இருக்கிறார்கள். பிடித்துக்கொண்டு போனவர்களையும் மன்னிக்காமல், போன பிள்ளையையும் மறக்காமல் இருக்கும் தாய்மாரை வன்னியில் எத்தனை வேண்டுமானாலும் பார்க்கலாம். அவர்களிடம் போய் மகிமை என்ற சொல்லைச் சொல்லிப் பாருங்கள்.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லத்தான் வேண்டும். புலிகளின் துயிலும் இல்லங்களில் புலிகளுக்கு மட்டும்தான் இடம் இருந்தது. அவர்களால் கொல்லப்பட்ட மற்ற இயக்கப் பிள்ளைகளுக்கு, துரோகி என்று மின்கம்பத்தில் கட்டிச் சுடப்பட்டவர்களுக்கு, 1990இல் வடக்கை விட்டு, யாழ்ப்பாணத்தில் இரண்டே மணி நேர அவகாசத்தில், துரத்தப்பட்ட முஸ்லிம் சனத்துக்கு எந்தக் கல்லும் வைக்கப்படவில்லை. யாருக்குக் கல் என்பதை ஆயுதம் வைத்திருப்பவன் தீர்மானிக்கும் பழக்கம் கொழும்புக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. ஆனால் ஒரு கல் வைக்கப்படவில்லை என்பதற்காக வைத்த கல்லை இடிப்பது நியாயமாகிவிடாது.

ஏ9 வீதியில் வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். ஆனையிறவில் 1991 சண்டையில் புலிகளின் புல்டோசரில் பாய்ந்து ஏறி இறந்த சிப்பாய் காமினி குலரத்னவுக்கு நினைவிடம் இருக்கிறது. அந்தத் துருப்பிடித்த புல்டோசரும் அங்கேயே நிற்கிறது. அது இருக்கட்டும். கண்டிப் பக்கத்து ஒரு குடும்பத்தின் பிள்ளை அவன். அதை எடு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். கிளிநொச்சி நகரின் நடுவில் நிற்கும் வெற்றித் தூண் வேறு விஷயம். பெரிய கொங்கிரீட் கட்டி, அதைத் துளைத்து நிற்கும் குண்டு, மேலே மலரும் தாமரை. அதில் இறந்தவர்களுக்கான துக்கம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. தோற்ற சனத்தின் முகத்துக்கு நேரே, அவர்கள் மரக்கறி வாங்கப் போகும் வழியில், நீ தோற்றாய் என்று நாள்தோறும் சொல்கிறது. முன்னதை நினைவுச் சின்னம் என்பேன், இதை என்னால் அப்படிச் சொல்ல முடியாது.

பலாலி முகாமுக்குள் இந்திய அமைதிப்படையினருக்கும் ஒரு நினைவுத் தூண் உண்டு. 1987 முதல் 1990 வரை ஏறக்குறைய 1,200 இந்தியப் படையினர் இங்கே இறந்தார்கள். இந்திய அதிகாரிகள் வந்து மலர்வளையம் வைத்துவிட்டுப் போகிறார்கள். வைக்கட்டும். அதே படை 1987 தீபாவளி நாளில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து சுட்டதில் வைத்தியர்களும் தாதியரும் நோயாளிகளுமாக அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர்களை ஆண்டுதோறும் நினைப்பது அந்த ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்கள்தான். எந்த மலர்வளையமும் பலாலியிலிருந்து அங்கே வந்து சேர்வதில்லை.

தமிழ் மன்னன் எல்லாளனைத் தோற்கடித்த சிங்கள மன்னன் துட்டகைமுனு, இறந்த எதிரிக்குச் சமாதி எழுப்பி, அதைக் கடக்கிறவர்கள் மேளதாளத்தை நிறுத்திவிட்டுப் போக வேண்டும் என்று கட்டளையிட்டான். இதைச் சொல்வது தமிழர் எழுதிய நூல் அல்ல, மகாவம்சம். துட்டகைமுனுவின் பெயரைப் படைகளுக்கும் முகாம்களுக்கும் வைத்துப் பெருமைப்படுகிறவர்கள் அவன் செய்த இந்த ஒரு காரியத்தையும் செய்து காட்டலாம். அரசாங்கமே நியமித்த நல்லிணக்க ஆணைக்குழு, 2011இல் கொடுத்த அறிக்கையில், பெப்ரவரி 4 சுதந்திர தினத்தில் போரில் இறந்த எல்லோருக்காகவும் ஒரு நிகழ்வு நடத்தச் சொன்னது. அந்தப் பரிந்துரை எங்கே கிடக்கிறது?

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. கோப்பாயிலிருந்து தலைமையகத்தை வேறு இடத்துக்கு மாற்றி, காணியைக் குடும்பங்களிடம் கொடுங்கள். அங்கே கொடி வேண்டாம், மேடை வேண்டாம், எந்தக் கட்சிக்காரரும் வந்து பேச வேண்டாம். 2016இல் கிளிநொச்சி கனகபுரத்தில் சனம் தாங்களாகவே பற்றை வெட்டி, உடைந்த கல்லைப் பொறுக்கி ஒழுங்கு செய்தது. அதனால் எந்த நாடும் உடையவில்லை.

இதற்கு எவ்வளவு காலம் எடுக்கும் என்று தெரியாது. அதுவரை நம் கையில் ஒரு வேலை இருக்கிறது. 2002க்கும் 2006க்கும் இடையில் கோப்பாய்க்குப் போன குடும்பங்கள் கனபேர் கல்லறைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்திருக்கிறார்கள். கனடாவிலும் பிரான்சிலும் அல்பங்களில் அந்தப் படங்கள் நிறம் மங்கிக் கிடக்கின்றன. அவற்றை எடுத்து ஸ்கான் செய்யுங்கள். கல்லில் தெரியும் பெயர், பக்கத்துக் கல்லில் தெரியும் பெயர், பின்னால் தெரியும் மரம், வாசல் எந்தப் பக்கம் என்பதையெல்லாம் எழுதி வையுங்கள். அந்தத் தாய்மார் பலருக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். எந்த வரிசையில் யார் என்று அவர்களுக்குத்தான் ஞாபகம் இருக்கிறது. இப்போதே கேட்டு எழுதினால்தான், காணி திரும்பக் கிடைக்கும் அன்று எந்தப் பிள்ளை எந்த இடத்தில் என்று சொல்ல முடியும்.