பற்றும் மேலதிகப்பற்றும்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது மணியண்ணையின் கடை. நேற்று மாலை பாண் வாங்கப் போனேன். பாண் வான் வரவில்லை, காத்து நின்றேன். அந்த இருபது நிமிடத்தில் காதில் விழுந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். சுதன் எங்கள் தொடர்மாடியில் மூன்றாம் மாடியில் இருப்பவன். கோட்டையில் ஒரு கம்பனியில் வேலை. அதுவும் கணக்குப் பகுதியில். இதை மறந்துவிடாதீர்கள்.

சுதன்: அண்ணை, கொப்பியை எடுங்கள். இன்றைக்கு முழுக் கணக்கையும் முடிக்கப் போகிறேன்.

மணியண்ணை: (நிறுத்த சீனியைத் தராசிலேயே விட்டுவிட்டு) தம்பி, வெளிநாடு போகிறீரோ?

சுதன்: ஏன் அண்ணை அப்படிக் கேட்கிறீர்கள்?

மணியண்ணை: இந்தக் கடையில் முழுக் கணக்கையும் முடித்த ஆட்கள் எல்லாரும் அடுத்த கிழமை கனடா போனவர்கள்.

சுதன்: நான் எங்கேயும் போகவில்லை. இருந்த கடன் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டேன். ஓடி.

மணியண்ணை: அதைத்தானே கேட்டேன். ஓடி எங்கே போகிறீர்?

சுதன்: ஓவர்டிராஃப்ட் அண்ணை! நடைமுறைக் கணக்கில் காசு இல்லாவிட்டாலும் நாலு லட்சம் வரைக்கும் எடுக்கலாம். மேலதிகப்பற்று என்று தமிழிலேயே கடிதம் தந்திருக்கிறார்கள்.

மணியண்ணை: (கொப்பியைத் தட்டி) இதிலே உமது பேரில் இருப்பது 23,450 ரூபாய் பற்று. அங்கே இருப்பது மேலதிகப்பற்று. பற்றை அறுக்க மேலதிகமாய் ஒரு பற்று. சரி, இருக்கட்டும். உம்மை நம்பி எப்படித் தந்தார்கள்?

சுதன்: என்னை நம்பவில்லை. மாமியின் நிலையான வைப்பு ஐந்து லட்சம் இருக்கிறது. அதைப் பிணை வைத்தோம். மாமியும் கையெழுத்துப் போட்டார்.

மணியண்ணை: வைப்புக்கு மாமிக்கு என்ன வட்டி?

சுதன்: 8 வீதம்.

மணியண்ணை: ஓடிக்கு உமக்கு?

சுதன்: 11 வீதம்.

மணியண்ணை: அப்போ மாமி வங்கிக்குக் கொடுத்த காசைத்தான் வங்கி உமக்குக் கொடுக்கிறது. நடுவில் நிற்பதற்கு 3 வீதம். அந்த ஐந்து லட்சத்தை மாமியிடமே கேட்டிருக்கலாமே?

சுதன்: அண்ணை, வங்கிக்கு வட்டி கட்டினால் போதும். மாமியிடம் வாங்கினால் வட்டியோடு விளக்கமும் கட்டவேண்டும். தினமும்.

(இதற்கு மணியண்ணையிடம் பதில் இல்லை. அவருக்கும் மாமியார் உண்டு.)

சுதன்: கணக்கைக் கேளுங்கள். கிரெடிட் காட்டில் ஒரு லட்சத்து எண்பதினாயிரம் நின்றது, வருடத்துக்கு 26 வீதம். மாதம் 3,900 ரூபாய் வட்டிக்கே போனது. அதே தொகைக்கு ஓடியில் 1,650. மாதம் 2,250 மிச்சம்!

மணியண்ணை: ஓம், அது நல்ல வேலைதான். பொய் சொல்லக்கூடாது.

சுதன்: அதோடு விட்டேனா? மனைவியின் சங்கிலியும் காப்பும் அடைவில் இருந்தன. ஒரு லட்சத்து முப்பதினாயிரம் கட்டி மீட்டேன். மகளின் பள்ளிக்கூடத்தில் இரண்டு தவணைக் காசு, அறுபதினாயிரம். அதையும் கட்டினேன். வங்கி நாலு லட்சத்துக்கும் வட்டி கேட்காது. எடுத்த காசுக்கு மட்டும், எடுத்து வைத்திருந்த நாளுக்கு மட்டும். 25ஆம் திகதி சம்பளம் ஒரு லட்சத்து இருபதினாயிரமும் நேரே அந்தக் கணக்கில் விழும். விழுந்த அன்றே வட்டி குறையும்.

மணியண்ணை: 28ஆம் திகதி?

சுதன்: 28ஆம் திகதி... வாடகை, கரண்ட், தண்ணீர், வான் காசு. திரும்ப ஏறும்.

மணியண்ணை: மூன்று நாள் வட்டி மிச்சம். (கல்குலேட்டரைத் தட்டி) 108 ரூபாய். அதற்கு ஒரு தேங்காய் வராது. பாதி தரட்டுமா?

சுதன்: நீங்கள் எப்போதும் இப்படித்தான்.

மணியண்ணை: இரும், இரும். போன மாதத்து வட்டியைக் கட்டினீரா?

சுதன்: அது பிரச்சினையே இல்லை. மாத முடிவில் அதுவே கட்டிக்கொண்டது.

மணியண்ணை: அதுவே என்றால்?

சுதன்: ஓடியிலிருந்தே கழித்துக்கொண்டார்கள். 3,400 மட்டில்.

மணியண்ணை: கடன் தன்னுடைய வட்டியைத் தானே கடன் வாங்கிக் கட்டியது. நீர் பார்த்துக்கொண்டு இருந்தீர்.

சுதன்: ஆனால் அண்ணை, ஒருவரும் கரைச்சல் தருவதில்லை. முன்பு காட் கம்பனி மாதத்துக்கு நாலு தரம் போன் எடுக்கும். அடைவுக் கடையிலிருந்து கடிதம் வரும். இப்போது வீட்டில் ஒரே அமைதி.

மணியண்ணை: அதுதான் தம்பி கரைச்சல். லோன் என்றால் மாதத் தவணை இருக்கும், திட்டிக்கொண்டாவது கட்டுவோம், ஒரு நாள் முடியும். ஓடிக்குத் தவணை இல்லை. கட்டு என்று கேட்காது. வருடத்துக்கு ஒருதரம் கூப்பிட்டுப் புதுப்பிக்கச் சொல்வார்கள். வேண்டுமென்றால் இடையில் எந்த நாளிலும் முழுவதையும் திருப்பித் தா என்பார்கள். அந்த எழுத்தும் உமது கடிதத்தில் இருக்கும், கடைசிப் பக்கத்தில், எறும்பு அளவில்.

சுதன்: உங்களுக்கு எப்படி இவ்வளவும் தெரியும்?

மணியண்ணை: எனக்கும் கடைப் பேரில் ஓடி இருக்கிறது. 2022 ஏப்ரல் 8, மறக்கமாட்டேன். மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதம் ஏற்றியது. அந்த மாதங்களில் காஸுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. நான் காஸ் வரிசையில் வெறும் சிலிண்டரோடு நிற்கிறேன், வங்கியிலிருந்து செய்தி வருகிறது, ஓடி வட்டி மாறிவிட்டதாம். வரிசை நகரவில்லை, வட்டி நகர்ந்தது.

சுதன்: என்னுடையது வைப்போடு கட்டியது. அப்படி ஏறாது.

மணியண்ணை: வைப்பைப் புதுப்பிக்கும்போது அதுவும் மாறும். சரி, அதை விடும். அந்தக் காட்டை வெட்டி எறிந்தீரா?

சுதன்: ஏன் வெட்டவேண்டும்? இப்போது அதில் ஒரு லட்சத்து எண்பதினாயிரம் சும்மா இருக்கிறதே.

மணியண்ணை: சும்மா இருக்கிறதா!

சுதன்: இருந்தது. போன சனிக்கிழமை ஒரு ஃபிரிட்ஜ் எடுத்தோம். ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரம், ஆனால் வட்டியில்லை. பன்னிரண்டு மாதம், மாதம் 12,000.

மணியண்ணை: அந்தப் பன்னிரண்டாயிரத்தை எங்கிருந்து கட்டுவீர்?

சுதன்: ஓடியிலிருந்து.

(மணியண்ணை கடவுள் படத்தைப் பார்த்தார். படத்தின் மேலிருந்த சிறிய பல்ப் எரியவில்லை. அவர் கரண்ட் மிச்சம் பிடிக்கிறவர்.)

மணியண்ணை: நல்லது. என்னுடைய 23,450ஐத் தாரும், நீர் எப்படியோ போம்.

சுதன்: இந்தாங்கள், செக்.

மணியண்ணை: (கண்ணாடியை ஏற்றி) தம்பி, இன்றைக்கு என்ன திகதி?

சுதன்: 12.

மணியண்ணை: இதில் 26 என்று போட்டிருக்கிறீர்.

சுதன்: சம்பளம் விழவேண்டும் அல்லவா?

மணியண்ணை: ஓடி எங்கே?

சுதன்: கிட்டத்தட்ட நிறைந்துவிட்டது. முப்பதினாயிரம் மிச்சம் இருந்தது. வட்டி கழித்தார்கள். பிறகு கொட்டாஞ்சேனையில் ஒரு கலியாணம், அன்பளிப்புப் பத்தாயிரம். இப்போது 16,600 இருக்கும். இன்றைக்குப் போட்டால் உங்கள் செக் திரும்பி வந்துவிடும். உங்களுக்காகத்தான் 26 போட்டேன்.

மணியண்ணை: எனக்காக! புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் பருப்பு முதலாளிக்கு நான் கொடுத்த செக் 27ஆம் திகதி போகிறது. உமது ஓடி என்னுடைய ஓடிக்குள் விழவேண்டும், என்னுடையது அவருடைய ஓடிக்குள் விழவேண்டும். நடுவில் நீர் ஒரு கலியாணத்துக்குப் போனால் மூன்று பேரும் தெருவில்.

சுதன்: போகமாட்டேன் அண்ணை. அப்புறம்... ஒரு 400 கிராம் பால்மாவும் வேண்டும். கொப்பியில் போட்டுக்கொள்ளுங்கள்.

மணியண்ணை: முழுக் கணக்கையும் முடிக்க வந்த ஆள்!

சுதன்: எனக்கு இல்லை, மாமிக்கு. ஏழு மணிக்குப் பால் தேத்தண்ணீர் இல்லாவிட்டால் கோபம் வந்துவிடும். போன கிழமை வெறும் தேத்தண்ணீர் கொடுத்தோம். குடித்துவிட்டு, "நாளைக்கே வங்கிக்குப் போய் என் காசை எடுக்கப்போகிறேன்" என்றார்.

(மணியண்ணை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கையில் இருந்த செக்கைப் பார்த்தார். சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். ஏழுக்குப் பத்து நிமிடம். நான் ஒருவன் பாணுக்கு நிற்பதையே மறந்து, ஏணியில் ஏறி மேல் தட்டிலிருந்து பால்மாவை எடுத்தார்.)

மணியண்ணை: ஓடிக்கொண்டு போம், ஆறவிடாமல் கொடும். மாமிக்கு பிஸ்கட் பிடிக்குமோ?

சுதன்: லெமன் பஃப் என்றால் உயிர்.

மணியண்ணை: இரண்டு கொண்டுபோம். 26ஆம் திகதி வரைக்கும் அந்த மனுஷிக்கு ஒரு மனவருத்தமும் வரக்கூடாது. சீனி வருத்தம் இருக்கிறதா?

சுதன்: இல்லை அண்ணை. மிகவும் நன்றி. பிஸ்கட் உங்கள் அன்பளிப்பா?

மணியண்ணை: (கொப்பியில் எழுதிக்கொண்டே) பற்று.