கென்னி வாஷிங்டன் என்.எஃப்.எல்.-இன் முதல் கறுப்பின வீரரா?

“அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.-இல் ஆடிய முதல் கறுப்பினத்தவர் கென்னி வாஷிங்டன், 1946” என்ற பதிவு அவர் படத்தோடு பரவிவருகிறது. தவறு.

லீக் தொடங்கிய 1920-லேயே ஃபிரிட்ஸ் பொல்லார்ட் அக்ரான் அணிக்காக ஆடினார்; மறு ஆண்டே அதன் பயிற்சியாளராகவும் இருந்தார். 1933-க்குப் பிறகுதான் கதவு சாத்தப்பட்டது. எழுதப்பட்ட விதி கிடையாது. ஆனாலும் 1934 முதல் 1945 வரை எந்த அணியும் ஒரு கறுப்பின வீரரைக்கூடச் சேர்க்கவில்லை.

அந்தத் தடையை உடைத்தவர் வாஷிங்டன். யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில், பின்னாளில் பேஸ்பாலில் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சனோடு ஆடி 1939-லேயே நாடறிந்தவரான அவரை எந்த என்.எஃப்.எல். அணியும் எடுக்கவில்லை. நல்ல வயதெல்லாம் சிறிய லீக்கில் கழிந்தது. 1946-இல் ராம்ஸ் அணி லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபெயர்ந்து, பொதுப்பணத்தில் கட்டிய கொலீசியம் மைதானத்தைக் கேட்டது. கறுப்பினப் பத்திரிகையாளர்கள் விடவில்லை: எல்லோர் வரிப்பணத்திலும் கட்டிய இடத்தில் நிறம் பார்க்கும் அணிக்கு என்ன உரிமை? அதன் பிறகே வாஷிங்டனுக்கு ஒப்பந்தம் கிடைத்தது. யு.சி.எல்.ஏ.வில் அவரோடு ஆடிய இன்னொரு கறுப்பின வீரர் வுடி ஸ்ட்ரோடும் அணியில் சேர்ந்தார்.

முழங்கால் அதற்குள் பழுதாகியிருந்தது. இருந்தும் 1947-இல் ஒரே ஓட்டத்தில் 92 யார்டு கடந்தார். 1948-உடன் ஓய்வு.

வாஷிங்டனை “முதல் கறுப்பினத்தவர்” என்று எழுதினால் பொல்லார்ட் மட்டுமல்ல, அந்தப் பன்னிரண்டு ஆண்டு அநீதியும் மறைந்துபோகிறது. பகிர்ந்தவர்கள் தயவுசெய்து திருத்துங்கள்.